அருவிக்குப் பத்து நிமிட நடை

மார்ச் 4

தம்பிக்கு,

நீ அனுப்பின படத்தை இந்தக் கடிதத்தோட திருப்பி அனுப்பியிருக்கேன். சட்டம், கண்ணாடி, மேல சுத்தியிருந்த பூப்போட்ட காகிதம், எல்லாம் உள்ள இருக்கு. எதையும் எடுத்துக்கல.

போனை ஏன் எடுக்கலன்னு கேப்ப. போன்ல பேசினா நீ சிரிச்சு மழுப்பிடுவ. மழுப்ப முடியலன்னா சிக்னல் இல்லம்ப. நீயும் எழுதித்தான் பதில் சொல்லணும். அதுவரைக்கும் எடுக்க மாட்டேன்.

அன்னிக்கு நடந்ததைச் சொல்றேன், தப்பிருந்தா திருத்து. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உன் கார்ல அருவி பாக்கப் போனோம். நீ, உன் பொண்டாட்டி, பாப்பா, உன் மாமியார், நான். வண்டியை நிறுத்தின இடத்துல பெரிசா போர்டு: 'அருவிக்குப் பத்து நிமிட நடை'. நான் ஊன்றுகோலை எடுத்து மடியில வச்சுக்கிட்டு இறங்கத் தயாரா இருக்கேன். நீ மட்டும் முன்னாடி போய்ப் பாத்துட்டு வந்த. கார் கதவுல கைய வச்சுக்கிட்டு, "அக்கா, பாதை ஒரே கல்லும் முள்ளுமா இருக்கு. வழுக்குது வேற. இரும்புக் காலிபர் போட்ட காலை வச்சுக்கிட்டு ரொம்பக் கஷ்டம். நீ இங்கயே இரு, இதோ வந்துடறோம்"ன்ன. "நீங்க போயிட்டு வாங்க"ன்னேன்.

இதோ வந்துடறோம்னவங்க வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. வெயில் முதல்ல என் முழங்கால்ல இருந்தது, அப்புறம் மடிக்கு வந்தது, அப்புறம் மூஞ்சிக்கு வந்தது. பக்கத்து வண்டியில வந்தவங்க அவங்க நாயைக்கூட இறக்கிக் கூட்டிட்டுப் போனாங்க.

சரி, பாதை மோசம், தம்பி நம்ம நல்லதுக்குத்தான் சொல்றான்னு இருந்துட்டேன். இப்ப என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பின படத்தைப் பிரிச்சுப் பாத்தேன். படம் நல்லா இருக்கு, அதுதான் வினை. ரொம்பத் தெளிவா இருக்கு. ரெண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவுல வெள்ளையா அருவி, அதுக்கு முன்னாடி கைப்பிடிக் கம்பி, கம்பிக்கு முன்னாடி எங்க பல் கிளினிக் வராந்தா மாதிரி வழவழன்னு சிமென்ட் நடைபாதை. அந்த நடைபாதையில நட்ட நடுவுல யாரு நிக்கறா? உன் மாமியார்! முட்டி வலின்னு உன் வீட்டு மாடிக்கே ஏறாதவங்க. வீட்டுச் செருப்போட நிக்கறாங்க. வாயெல்லாம் பல்லா சிரிக்கறாங்க. அந்தப் பல்லு பூரா நான் செஞ்சதுடா! மெழுகுல வச்சு, கடிக்கச் சொல்லி, வலிக்குதுன்னாங்கன்னு மறுபடி ராவி, மூணு தடவை மாட்டிப் பாத்துக் குடுத்த பல் செட்டு. என் பல்லு அருவியைப் பாத்துடுச்சு, நான் பாக்கல.

கல்லும் முள்ளும் எங்கடா?

எனக்குப் படம் வேணாம். ஏன் பொய் சொன்னன்னு மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. கண்ணாடி ரெண்டா உடைஞ்சு வந்தது. பாப்பாதான் ஆசையா பிரிச்சா. நல்லவேளை, கையில கிழிக்கல. "அத்தை ஏன் திருப்பி அனுப்பிட்டாங்க?"ன்னு கேக்கறா. அந்தப் பூப்போட்ட காகிதம் அவ தேர்ந்தெடுத்தது. நான் அவகிட்ட என்ன சொல்றது?

அப்படி என்ன கொலைக் குத்தம் பண்ணிட்டேன்? பாதையில முன்பாதி கல்லுதான். படத்துல தெரியறது கடைசி இடம் மட்டும். அங்கதான் சிமென்ட் போட்டிருக்காங்க. மாமியாரை ஆளுக்கு ஒரு கையா பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போனோம்.

போன வருஷம் நீ குளியலறையில விழுந்து மணிக்கட்டு உடைஞ்சப்போ யாரு வந்தா? ஒரு ஆஸ்பத்திரியில நாங்க வச்ச லிஃப்ட் பாதி மாடியில நிக்குது, எல்லாத்தையும் என் ஆளுங்க தலையில போட்டுட்டு நான்தான் ஓடி வந்தேன். டாக்டர் என்ன சொன்னார்? "இன்னொரு தடவை விழக் கூடாது"ன்னார். அதை நான் கேட்டேன். நீ கேட்ட மாதிரி தெரியல.

அப்புறம், 'நீங்க போயிட்டு வாங்க'ன்னு சொன்னது யாரு? நீதான். சிரிச்சுக்கிட்டே சொன்ன. வரணும்னு இருந்தா 'நானும் வரேன்'னு சொல்ல வாய் இல்லையா? கிளினிக்ல டாக்டரையே நிக்க வச்சுக் கேள்வி கேக்கற ஆளு நீ. என்கிட்ட மட்டும் ஊமையாயிட்டியா?

நல்லது நினைச்சா இதுதான் கிடைக்கும்.

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

எனக்குக் கால்தான் நொண்டி. உனக்குச் சாக்கு நொண்டி.

முதல் கடிதத்துல நான் கேட்டது ஒரே கேள்வி. நீ நாலு பக்கமும் சுத்தி வந்து கண்ணாடி உடைஞ்சதுன்னு சொல்ற. குழந்தையை இழுத்து நடுவுல நிறுத்தற. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். நீ அருவியையே மறைக்கப் பாக்கற.

குளியலறையில விழுந்தேன், வாஸ்தவம். அதுக்காக நான் குளிக்கறதை விட்டுட்டேனா?

ஊருக்கெல்லாம் லிஃப்ட் வைக்கற ஆளு நீ. மாடி ஏற முடியாதவங்க ஏறணும்னுதானே அந்த வேலையே இருக்கு? லிஃப்ட் நின்னா ஆளுங்க தவிச்சுப் போயிடறாங்கன்னு அன்னிக்கு எவ்வளவு உருக்கமா பேசின! சொந்த அக்காவை மட்டும் சாமான் மாதிரி வண்டியில வச்சுப் பூட்டிட்டுப் போவ.

'நீங்க போயிட்டு வாங்க' பத்தியும் சொல்லிடறேன். நீ கேக்கவே இல்லடா. 'வர்றியா?'ன்னு ஒரு வார்த்தை வந்துதா உன் வாயிலேந்து? 'நீ இரு'ன்ன. உன் பொண்டாட்டி ஏற்கெனவே தொப்பியை மாட்டிட்டா. பாப்பா ஒத்தைக் கால்ல நின்னு குதிக்கறா. உன் மாமியார் என்னைப் பாத்து 'பாவம்'னு உச்சுக் கொட்டறாங்க. நாலு பேரும் ஒரே பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கறப்போ நான் வேற என்ன சொல்லுவேன்? வரேன்னு அடம் பிடிச்சு, எல்லாரையும் என் பின்னாடி ஊர்வலமா வர வைக்கணுமா? அதான் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு எப்பேர்ப்பட்டதுன்னு உனக்குத் தெரியாதா? பிறந்ததுலேந்து பாத்துக்கிட்டு இருக்கியே.

வர்ற ஞாயித்துக்கிழமை நான் போறேன். தனியா. அந்த வழியா பஸ் இருக்கு, விசாரிச்சுட்டேன். இது அனுமதி கேட்டு எழுதினது இல்ல. தகவல்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

கூரியர்ல அனுப்பறேன். போகாத.

காலையிலேந்து போன் போட்டுக்கிட்டே இருக்கேன், எடுக்க மாட்டேங்கற. இது வீம்பு. வீம்புக்குன்னே பாறையில போய் ஏறுவியா? படி இருக்கு அங்க. சாரல்ல எப்பவும் ஈரமாவே இருக்கும். நீ விழுந்தா போன் எனக்குத்தான் வரும். எப்பவும் எனக்குத்தான் வந்திருக்கு.

மீறிப் போனா, உனக்குத் தம்பின்னு ஒருத்தன் இருக்கான்னு நினைச்சுக்காத.


மார்ச் 20

தம்பின்னு ஒருத்தன் இன்னும் இருக்கானா இல்லையான்னு தெரியல. இருந்தா அவனுக்கு,

போயிட்டு வந்துட்டேன்.

பஸ் டிரைவர் நல்ல மனுஷன். ஸ்டாப்பைத் தாண்டி கேட் வாசல்லயே நிறுத்தினார். கேட்ல டிக்கெட் கிழிக்கறவர் என் காலைப் பாத்தார், ஊன்றுகோலைப் பாத்தார், எனக்குப் பின்னாடி யாராவது வர்றாங்களான்னு பாத்தார். "தனியாவாம்மா போறீங்க?" "இல்லைங்க, காலையும் கூட்டிட்டுத்தான் போறேன்"னேன். அவர் சிரிக்கறதா வேணாமான்னு தெரியாம டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

பாதையைப் பத்தி எழுதறேன், நல்லாக் கேட்டுக்கோ. கேட்லேந்தே சிமென்ட். மரத்தடியில கொஞ்ச தூரம் சரளை. அந்தக் கல்லு செருப்புக்குள்ள போனா உதறிட்டு நடக்கலாம், அவ்வளவுதான். முள்ளைத் தேடினேன், ஒண்ணுகூடக் கிடைக்கல.

வளைவு திரும்பினதும் வெயில் பட்டுன்னு நின்னுபோச்சு. ரெண்டு பக்கமும் பாறை எழும்பி, போகப் போக நெருங்கி வருது. மேல வானம் ஒரு நாடா அளவுக்குத்தான் தெரியுது. பாறையில வரி வரியா நிறம்: காவி, சாம்பல், நடுவுல கறுப்பு. எங்க லேப்ல பல்லுக்கு எடுத்த பிளாஸ்டர் அச்சை அறுத்தா இப்படித்தான் அடுக்கு அடுக்கா தெரியும். தண்ணிச் சத்தத்துக்கு முன்னாடி அதோட குளிர்தான் வந்தது, கழுத்துல கை வச்ச மாதிரி.

படி இருக்குன்ன. இருக்கு. ஈரமாவும் இருக்கு. அது ஒண்ணுதான் நீ எழுதினதுல உண்மை. நான் உக்காந்துட்டேன். உக்காந்து, கைய ஊனி, ஒவ்வொரு படியா சறுக்கி இறங்கினேன். புடவை பின்னாடி பூரா நனைஞ்சு பாசி. ஒரு ஜோடி மேலேந்து வந்துது. அந்தப் பையன் கேக்காமக்கூட என் கக்கத்துல கையக் குடுத்துத் தூக்க வந்தான். "கைய எடுங்க, நான் விழல, இறங்கறேன்"னேன். பாவம், பயந்துட்டான்.

அருவிகிட்ட போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆச்சு. உங்க போர்டுல பத்து நிமிஷம்.

தம்பி, அதை எப்படி எழுதறதுன்னு தெரியல. உன் படத்துல அது அசையாம இருக்கு. நேர்ல அது விழுந்துக்கிட்டே இருக்கு. விழுந்த இடத்துலேந்து எழும்பற சாரல் மூஞ்சியில அடிக்குது, மூக்குக்கண்ணாடியைத் தொடைச்சா மறுபடி அடிக்குது. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். ஆனந்தக் கண்ணீர்னு நினைச்சுக்காத. கோவம். இதுக்கு இவ்வளவு கிட்ட என்னைக் கொண்டுவந்து நிறுத்திட்டு, வெயில்ல வேக வச்சுட்டுப் போனியேன்னு கோவம்.

நானும் என் போன்ல ஒரு படம் எடுத்தேன். லென்ஸ் மேல சாரல் பட்டு ஒரு பக்கம் மங்கலா இருக்கு. கோணலாவும் இருக்கு. கடையில பிரிண்ட் போட்டு இதோட வச்சிருக்கேன். சட்டம் போடல.

இப்ப மறுபடி கேக்கறேன். உன் மாமியாரைக் கூட்டிட்டுப் போகத் தெரிஞ்ச உனக்கு என்னை ஏன் வேணாம்னு தோணுச்சு? கால்னு சொல்லாத. என் காலைப் பத்தி உன்னைவிட எனக்குத் தெரியும்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

படம் வந்தது. நீ பத்திரமா வந்து சேந்தியான்னு உன் கிளினிக்குக்குப் போன் பண்ணித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். "அவங்க உள்ள பல்லு ராவிக்கிட்டு இருக்காங்க சார், கூப்பிடவா?"ன்னு அந்த ரிசப்ஷன் பொண்ணு கேட்டா. வேணாம்னுட்டேன்.

பதில் வேணும்னு கேட்ட. எழுதறேன். முழுசாப் படிச்சுட்டுத் திட்டு.

பாதை நல்லாத்தான் இருந்தது. நான் சொன்னது பொய். கால் காரணம் இல்ல.

நீ வந்தா என்னால உன்னை விட்டுட்டு நடக்க முடியாது. அதான் காரணம். மாமியாரை ஆளுக்கு ஒரு கையா பிடிச்சோம்னு எழுதினதும் பொய்தான். கேட் தாண்டினதும் அவங்களை அவங்க பொண்ணுகிட்ட விட்டுட்டுப் போயிட்டேன். அவங்க ரொம்ப நேரம் கழிச்சு மெதுவா வந்து சேந்தாங்க, அப்ப எடுத்த படம் அது. உன்னை அப்படி விட்டுட்டுப் போக எனக்கு வராதுக்கா. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேந்து அம்மா என்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். 'அக்காவ விட்டுட்டுப் போகாத.'

ஸ்கூலுக்குப் போறப்போ உன் பை ஒரு தோள்ல, என் பை ஒரு தோள்ல. பசங்க எல்லாம் மணி அடிக்கறதுக்குள்ள போகணும்னு ஓடுவாங்க. நான் தெருமுனையில விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்துல இன்னொரு கம்பமா நிப்பேன். ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் குடுத்தேன். சாயங்காலம் பயிற்சின்னா அக்காவை யாரு கூட்டிட்டு வருவான்னு அம்மா பேரை எடுத்துட்டு வரச் சொன்னா. எடுத்துட்டு வந்தேன். யார்கிட்டயாவது வாயைத் தொறந்தேனா? உனக்குக் கோவம் வந்தா ஊரே நியாயம்னு சொல்லும். எனக்கு வந்தா? ரெண்டு காலும் நல்லா இருக்கறவனுக்குக் கோவப்படற உரிமை கிடையாதா?

அன்னிக்கு வழி பாக்கறேன்னு முன்னாடி போனப்போ, அந்தப் பாறைக்கு உள்ளேந்து தண்ணிச் சத்தம் கேட்டுச்சு. ஓடணும்னு தோணுச்சு. அவ்வளவுதான். திரும்பி வந்து உன்கிட்ட வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். அப்புறம் ஓடினேன். நாப்பத்தாறு வயசு, தொப்பை குலுங்க ஓடினேன். எதிர்ல வந்தவங்க ஒதுங்கி வழி விட்டாங்க. படியில ரெண்டு ரெண்டா குதிச்சேன். கம்பியைப் பிடிச்சு மூச்சு வாங்கிக்கிட்டு நின்னப்போ, பின்னாடி யாரு வர்றா வரலன்னு பாக்கணும்னே தோணல.

காருக்குத் திரும்பி வந்து உன்னைப் பாத்தேன். மூஞ்சி சிவந்துபோய் உக்காந்திருந்த. "நல்லா இருந்துதா?"ன்னு கேட்ட. என்னால உன்னை நிமிந்து பாக்க முடியல. சட்டம் போட்டு அனுப்பினது அதனாலதான்.

பொய் சொன்னதுக்கு மன்னிப்பு கேக்கறேன். ஓடினதுக்குக் கேக்க மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

முழுசாப் படிச்சேன். இப்பத் திட்டறேன்.

ஓடினதுக்கு நீ மன்னிப்பு கேட்டிருந்தா அடிச்சே இருப்பேன். அது இல்ல விஷயம்.

எனக்காக மெதுவா நடந்தேன், எனக்காக நின்னேன்ற. சரி. நான் எப்படி நடந்தேன்னு என்னைக்காவது பாத்தியா? நான் உனக்காக ஓடினேன்டா! தெருமுனையில நீ ரெண்டு பையையும் மாட்டிக்கிட்டு நிப்ப. ஓடற பசங்களை ஒரு தடவை பாப்ப, என்னை ஒரு தடவை பாப்ப. அந்த மூஞ்சியைப் பாத்தா என்னால மெதுவா வர முடியாது. இழுத்துக்கிட்டு வேகவேகமா வருவேன். காலிபர் பட்டை தொடையை அறுத்துப் புண்ணாயிடும். வீட்டுல மூச்சு விட மாட்டேன். சொன்னா இன்னும் மெதுவா நடன்னு சொல்வாங்க, நீ இன்னும் நேரம் கம்பத்தடியில நிப்ப. 'விட்டுட்டுப் போடா'ன்னு உன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? 'அம்மா அடிப்பா'ம்ப.

அம்மா உன்கிட்ட சொன்னா. என்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? நீ உன் வேகத்துல நடக்கல, நானும் என் வேகத்துல நடக்கல. ரெண்டு பேருக்கும் ஒத்து வராத ஒரு வேகத்துல அத்தனை வருஷம் போயிருக்கோம். அவளைத் திட்டலாம்னு பாத்தா அவ போய்ச் சேந்துட்டா.

அருவிக்குப் போக ஒரு மணி நேரம் ஆச்சுன்னு எழுதினேன் இல்ல, அதுல பாதி நேரம் சும்மா நின்னேன். கால் வலிச்சு இல்ல. ஒரு இடத்துல பாறையிலேந்து தண்ணி கசிஞ்சுக்கிட்டு இருந்தது, அதைப் பாத்துக்கிட்டு நின்னேன். எனக்காக யாரும் காத்துக்கிட்டு நிக்கல. அது என்ன சுகம்னு உனக்குச் சொன்னாத் தெரியாது. இல்ல, உனக்குத்தான் தெரியும்.

கார்ல வச்சுட்டுப் போனதுக்குக் கோவம் அப்படியேதான் இருக்கு. 'அக்கா, நான் முன்னாடி ஓடறேன், நீ பின்னாடி வா'ன்னு சொன்னா முடிஞ்சுது. ஒத்தை வரி. ஐம்பது வயசுக்கு மேல ஆன ரெண்டு கழுதைங்க பேச வேண்டியதைப் பேசாம சட்டம் போட்டு அனுப்பிக்கிட்டு இருக்கோம். உனக்கு இன்னும் ஐம்பது ஆகலன்னு சண்டைக்கு வராத.

இன்னொரு தடவை போலாம். வண்டியை எடுத்துட்டு வா. சேந்து நடக்க வேணாம்.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

ஞாயித்துக்கிழமை காலையில வரேன். நம்ம ரெண்டு பேர் மட்டும்.

தொடையில புண் இருந்தது எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. சொல்லியிருக்கலாம்ல? எனக்கு மறுபடியும் கோவம்தான் வருது.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

நேத்து வண்டியில திரும்பி வர்றப்போ ஏன் உம்முனு வந்தன்னு கேட்ட. உம்முனு வரல. சொல்ல வாய் வரல, அதான் எழுதறேன்.

முதல்ல சண்டை. கேட்ல அந்த ஆள்கிட்ட "எங்க அக்கா, கொஞ்சம் பாத்துக்கோங்க"ன்னு ஏன் சொன்ன? நான் என்ன பார்சலா? அவர் நான் வளைவு திரும்பற வரைக்கும் கழுத்தை நீட்டிப் பாத்துக்கிட்டே நின்னார். நீயும் ஒழுங்காப் போகல. மரத்தடியில ஒரு தடவை நின்ன, அப்புறம் செருப்பு வாரை சரி பண்ற மாதிரி குனிஞ்ச. யாரை ஏமாத்தற? நான் ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டி 'போடா!'ன்னு கத்தினதும் அந்தப் பக்கம் நாலு பேர் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம்தான் உனக்கு ஓடவே வந்தது. ஓட்டமா அது? கூடையில தேங்காய் உருள்ற மாதிரி இருந்தது. பாறைக்குள்ள போய் மறைஞ்சுட்ட.

நான் என் பாட்டுக்கு வந்தேன். படியில உக்காந்து இறங்கினேன். கீழ வந்து பாத்தா, நீ கம்பிகிட்ட முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கற. போனை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சிருக்க. குனியற, நிமிர்ற, ஒரு பக்கமா சாயற. ஒரு படம் எடுத்துட்டு அதைப் பாக்காம மறுபடி அருவியைப் பாக்கற. சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டு இருக்கு.

அந்தச் சத்தத்துல என் காலிபர் சத்தம் உனக்குக் கேக்கல. உனக்குப் பின்னாடி வந்து நின்னேன். கை நீட்டினா தொட்டுடலாம். நீ திரும்பவே இல்ல. அக்கா எங்க, வந்துட்டாளா, எவ்வளவு தூரத்துல இருக்கா, எதுவும் உன் முதுகுல இல்ல. என் வாழ்நாள்ல நான் வந்து சேந்ததை நீ கவனிக்காம இருந்தது இதுதான் முதல் தடவை.

கூப்பிடலாம்னு நினைச்சேன். கூப்பிடல. கம்பியில சாஞ்சுக்கிட்டு நானும் பாத்துக்கிட்டு இருந்தேன். தண்ணியைப் பாத்தேன், உன் முதுகைப் பாத்தேன், மறுபடி தண்ணியைப் பாத்தேன்.

ரொம்ப நேரம் கழிச்சுத் திரும்பின. பதறிப்போய், "எப்பக்கா வந்த?"ன்ன.

"இப்பதான்"னேன்.

இப்பதான் இல்லடா. அப்பவே வந்துட்டேன்.

அக்கா